எல்லையோர மாணவர்களும் கணினிக் கல்விச் சந்தையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கேரள – தமிழ்நாடு எல்லையோரச் சிற்றூர்களின் சாலைச் சந்திப்புகள் கல்லூரி விளம்பரங்களால் நிறைந்துவிடுகின்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தில், குன்னத்துகால் ஊராட்சியில் அமைந்துள்ள காரக்கோணமும் இதற்கு விலக்கல்ல. கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று பாடப்பிரிவுகளின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அவற்றின் கீழே அச்சிடப்படும் “நூறு சதவீத வேலைவாய்ப்பு” என்ற வாக்குறுதி மட்டும் மாறுவதில்லை.

ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியும், கொத்தனாரும், கல்குவாரியில் உடல் தேய்ந்தவரும், முந்திரி ஆலையில் தோலுரிக்கும் பெண்ணும் இந்த வாக்குறுதியை நம்பித்தான் நகையை அடகு வைக்கின்றனர். சீட்டை ஏலத்தில் எடுக்கின்றனர். கூட்டுறவு வங்கியின் வாசலில் நிற்கின்றனர். தம் பிள்ளை வெயிலில் நிற்காமல் அமர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பத்தில் எந்தத் தவறும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட மக்களின் நியாயமான உரிமைக் குரல் அது. அந்த விருப்பத்தை மூலதனமாக்கிக்கொண்ட சந்தையைத்தான் கட்சி அணிகள் கூர்ந்து பார்க்க வேண்டியுள்ளது.

எல்லைக்கோடும் இரண்டு கொள்கைகளும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்ந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று வரையப்பட்ட கோட்டின் இருபுறமும் பேச்சும் உறவும் சந்தையும் இன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. பனச்சமூட்டிலும் களியக்காவிளையிலும் எல்லை என்பது சாலையோரப் பலகை மட்டுமே. ஆனால் கல்வியில் அந்தக் கோடு பல ஆண்டுகள் இரண்டு வேறுபட்ட கொள்கைகளைப் பிரித்து நின்றது.

தமிழ்நாட்டில் 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. கேரளத்தில் கல்வி வணிகத்திற்கு எதிரான மாணவர் – இளைஞர் போராட்டம் வலுவாக இருந்தது. 1994 நவம்பர் 25 அன்று கூத்துப்பறம்பில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து இளம் தோழர்கள் உயிரீந்தனர். அந்தப் போராட்டத்தின் பின்னணியிலும் பரியாரம் மருத்துவக் கல்லூரியைச் சுயநிதி வழியில் நடத்துவதற்கான எதிர்ப்பு இருந்தது. 2001இல் அமைந்த ஏ.கே. அந்தோணி தலைமையிலான அரசுதான் அந்தத் தடையை உடைத்தது. இரண்டு சுயநிதிக் கல்லூரிகள் ஓர் அரசுக் கல்லூரிக்குச் சமம் என்று அப்போது வாதிடப்பட்டது. சரிபாதி இடங்கள் அரசுக் கட்டணத்தில் கிடைக்கும் என்பதே அதன் பொருள். நிர்வாகங்கள் அனுமதியைப் பெற்றுக்கொண்டன, வாக்கைக் காப்பாற்றவில்லை. 2006இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மாணவர் சேர்க்கையையும் கட்டணத்தையும் முறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகளை 2007 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் இனாம்தார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதை அதற்குத் துணை நின்றது.

இந்த வணிகத்தின் விலை என்னவென்பதைக் கேரளம் 2004 ஜூலை 22 அன்று கண்டது. அடூரில் ஐ.எச்.ஆர்.டி. பொறியியல் கல்லூரியில் பயின்ற தலித் மாணவி ரஜனி எஸ். ஆனந்த், கல்விக் கடன் மறுக்கப்பட்ட நிலையில் திருவனந்தபுரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். இடம் கிடைத்திருந்தது, தகுதி இருந்தது, ஈடு வைக்க மட்டும் எதுவும் இல்லை. கல்லூரிக் கட்டணம் மட்டுமே ஏழை மாணவரின் செலவு அன்று. விடுதி, உணவு, புத்தகம் ஆகியவையும் கட்டணமே என்பதை அந்த மரணம் உணர்த்திற்று.

காரக்கோணத்து மக்களுக்கு இவை தொலைவிலிருந்து வரும் செய்திகள் அல்ல. அவ்வூரின் பெயரை வெளியுலகம் அறிந்ததே அங்குள்ள சுயநிதி மருத்துவக் கல்லூரியால்தான். அங்கு இடங்களுக்குப் பணம் பெறப்பட்டதான புகார்கள் தொடர்பில் 2022 ஜூலையில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. புகார்களின் உண்மையைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். இடம் என்பது விலைபேசப்படும் பொருளாகிவிட்டது என்பதை உணர எல்லையோர மக்களுக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை.

மாணவர் வாடிக்கையாளராக மாறும் இடம்

கேரளத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இல்லாத காலத்திலும், பின்னர் அவை பெருகிய காலத்திலும், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதி மாணவர்களில் ஒரு பகுதியினர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்றுகொண்டே இருந்தனர். அருகில் இருப்பதும், மொழி பழகியதும், கல்லூரிப் பேருந்து வாசலுக்கே வருவதும் காரணங்கள். ஆனால் எல்லையைக் கடக்கும்போது அந்த மாணவர் இழப்பது என்ன என்பதைச் சேர்க்கை முகவர்கள் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோருக்கே அது உரியது. கேரள அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே படித்திருந்தாலும் காரக்கோணத்து மாணவருக்கு அது பொருந்தாது. கேரளத்தின் நுழைவுத் தேர்வுத் தரவரிசையும் இடஒதுக்கீடும் எல்லைக்கு அப்பால் செல்லுபடியாகா. ஆகவே அவருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். களியக்காவிளையைத் தாண்டியதும் அவர் உரிமையுள்ள மாணவர் என்ற நிலையிலிருந்து பணம் செலுத்தும் வாடிக்கையாளர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார். இரு மாநில அரசுகளின் பேச்சுவார்த்தைகளில் ஆற்று நீருக்கு இடமுண்டு. இந்த மாணவருக்கு இதுவரை இடமில்லை.

அவர் செலுத்தும் பணத்திற்கு ஈடாகக் கிடைக்கும் கல்வி எத்தகையது? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்த விவரங்கள் தமிழ்நாட்டை அதிரவைத்தன. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார். இவ்வாறு இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் குறிப்பிடப்பட்டன. அண்ணா பல்கலைக்கழகம் விசாரணைக்கு உத்தரவிட நேர்ந்தது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பேராசிரியரிடம் அல்காரிதம் கற்க முடியாது.

இதே காலத்தில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024–25 கல்வியாண்டு முதல் ஒரு பாடப்பிரிவில் சேர்க்கத்தக்க மாணவர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பை, நன்கு செயல்படும் நிறுவனங்கள் என்று வகைப்படுத்தியவற்றுக்கு நீக்கியது. விளைவு உடனே தெரிந்தது. இயந்திரவியல், கட்டடவியல் பிரிவுகள் சுருக்கப்பட்டன. கணினிப் பிரிவின் இடங்கள் பெருக்கப்பட்டன. பட்டறையும் சோதனைக்கூடமும் வேண்டிய பாடத்தைவிட, மேசையும் கணினியும் போதும் என்று கருதப்படும் பாடம் நிர்வாகத்திற்கு மலிவானது. நாட்டுக்குத் தேவையான பொறியாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி இந்தத் தீர்மானத்தில் எங்கும் எழவில்லை.

பட்டதாரிகளின் சேமப்படை

கணினிப் பட்டதாரிகள் பெருகிய அளவுக்கு வேலை பெருகியிருந்தால் இந்த விரிவாக்கத்தை ஓரளவு ஏற்கலாம். நடந்திருப்பது வேறு. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளரின் ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை இலட்சம் ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது. அரிசி விலையும் வாடகையும் பேருந்துக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் நிற்கவில்லை. வேலையற்றோரின் சேமப்படை கூலியை உயரவிடாது என்று மார்க்ஸ் விளக்கியது ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. வாயிலில் பல இலட்சம் பட்டதாரிகள் காத்திருக்கையில், குளிரூட்டப்பட்ட அறைக்குள் இருப்பவரின் பேர வலிமையும் குறைந்தே போகிறது.

பணி ஆணை கையில் இருப்பது வேலை இருப்பதாகாது என்பதையும் அண்மைய ஆண்டுகள் காட்டியுள்ளன. 2022இல் பட்டம் பெற்று இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பணி ஆணையைப் பெற்ற பலர் இரண்டு ஆண்டுகள் வரை காத்திருந்தனர். அவ்வாறு காத்திருந்து 2024 இறுதியில் மைசூரு வளாகத்தில் சேர்ந்தவர்கள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், உள்தேர்வில் தேறவில்லை என்று கூறி 2025 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளர்களில் இரண்டு சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. அந்நிறுவனம் நட்டத்தில் இயங்கவில்லை. இலாபம் ஈட்டிக்கொண்டிருந்த நிறுவனமே இவ்வாறு செய்தது.

செயற்கை நுண்ணறிவு இந்தப் போக்கை விரைவுபடுத்துகிறது. இந்திய மென்பொருள் சேவைத் தொழில் ஒரு பிரமிடைப் போன்றது. அடியில் ஏராளமான புதியவர்கள். அவர்கள் நிரலைச் சோதிப்பர், பழைய நிரலைப் பராமரிப்பர், வாடிக்கையாளரின் சிறு கோரிக்கைகளை நிறைவேற்றுவர். இயந்திரம் முதலில் கைவைப்பது இந்த அடித்தட்டு வேலைகளில்தான். ஆகவே நான்காண்டுகள் மனப்பாடம் செய்து, இறுதியாண்டில் மூன்று மாதப் பயிற்சியுடன் வேலைக்குள் நுழையும் வழி குறுகிவருகிறது. கருவியின் உற்பத்தித்திறன் உயர்ந்தால் வேலைநேரம் குறைய வேண்டும். மாறாக, 2024இல் கர்நாடகத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் வேலைநாளைப் பதினான்கு மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. அங்குள்ள ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. அதை உறுதியாக எதிர்த்தது.

கணினியை எதிர்த்தவர்களா?

இந்த இடத்தில் இடதுசாரிகள் மீது வழக்கமாக வீசப்படும் ஏளனம் ஒன்று எழும். “கணினியை எதிர்த்தவர்கள் கணினிக் கல்வியைப் பற்றிப் பேசலாமா?” என்பதே அது. கேள்விக்கு வரலாறு விடை சொல்கிறது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கல்கத்தா அலுவலகமான இலாகோ ஹவுஸில் ஊழியர்கள் கணினியைத் தடுத்து நின்றனர். ஆயிரக்கணக்கானோரின் வேலையைப் பறிப்பதற்கு அந்த இயந்திரம் பயன்படுத்தப்படக் கூடாது என்பதே அவர்களுடைய கோரிக்கை. அறிவியல் வளர்ச்சியின் பலன் யாருக்கு என்பதே அங்கு எழுந்த கேள்வி; இன்றும் அதுவே கேள்வி.

பொதுத்துறை வழியில் மின்னணுத் தொழிலை வளர்ப்பதற்கு முன்னின்றவர்களும் இடதுசாரிகளே. சி. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த 1973இல் கெல்ட்ரான் தொடங்கப்பட்டது. இ.கே. நாயனார் ஆட்சியில் 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் அமைந்தது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. காரக்கோணத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அது இருக்கிறது. அதிதிறன் கணினியை வழங்க அமெரிக்கா மறுத்தபோது, 1988இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான சி-டாக் மூன்றே ஆண்டுகளில் ‘பரம் 8000’ கணினியை உருவாக்கிக் காட்டியது. அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வுக்கூடங்களிலும் வளர்ந்த அறிவின் சாதனை அது. சுயநிதிக் கல்லூரிகளின் பங்கு அதில் தேடினாலும் கிடைக்காது.

பள்ளிக் கல்வியில் கேரளம் சென்ற வழி இன்னும் கவனத்திற்குரியது. 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், ஆசிரியர் அமைப்புகளின் வலியுறுத்தலாலும் 2006இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசின் முடிவாலும் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் உரிமத்திற்குக் கப்பம் கட்டாமல் இலட்சக்கணக்கான மாணவர்கள் கணினி கற்றனர். 2017இல் உருவான கைட் நிறுவனம், ஹைடெக் பள்ளித் திட்டத்தின் கீழ் 45,000 வகுப்பறைகளை நவீனப்படுத்தியது. 2024–25இல் ஏழாம் வகுப்புப் பாடத்தில் செயற்கை நுண்ணறிவு அறிமுகமாயிற்று. இந்தப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு வழிகளிலும் கிடைக்கின்றன. எல்லையோரத் தமிழ்க் குழந்தை தன் மொழியில் கணினியின் முதல் பாடத்தைப் படிக்க முடிகிறது. பணம் கேட்காமல், அரசுப் பள்ளியில், தாய்மொழியில் இது நடக்கிறது.

இத்தகைய பள்ளியிலிருந்து வெளிவரும் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரு பாறைச் சரிவின் விளிம்பில் நிற்பதுதான் இன்றைய முரண்பாடு. பள்ளிவரை பொதுக் கல்வி; அதன்பின் சந்தை. அந்த இடைவெளியை அடைப்பதே அடுத்த கட்டப் போராட்டம். கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றிய பின்பு இதன் அவசரம் கூடியுள்ளது. நாற்பது சதவீத இடங்கள் கேரள மாணவர்களுக்கு, அவற்றில் மாநில இடஒதுக்கீடு பொருந்தும் என்று சட்டம் கூறுகிறது. இரண்டு சுயநிதிக் கல்லூரிகள் ஓர் அரசுக் கல்லூரிக்குச் சமம் என்ற பழைய வாக்குறுதி என்னவாயிற்று என்பதை அறிந்த மாநிலம் இது. சட்டத்தின் சமூகக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் நீதிமன்றத்தில் நீர்த்துப்போகாமல் காக்கவும், அரசுக் கல்லூரிகளின் இடங்களும் ஆசிரியர் பணியிடங்களும் அதைவிட வேகமாகப் பெருகவும் இடைவிடாத வெகுஜன அழுத்தம் தேவை.

ஒன்றிய அரசின் திசையோ எதிர்ப்புறம். 2016இல் ஐ.ஐ.டி.களின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து இரண்டு இலட்சமாக உயர்த்தப்பட்டது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிரதமர் வித்யாலட்சுமி கடன் திட்டம் 860 நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டுமே. கிராமப்புறக் கல்லூரியில் படிக்கும் பெரும்பான்மையோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். கல்விக்கு நிதி ஒதுக்குவதற்குப் பதில் கடன் கொடுப்பதும், அந்தக் கடனிலும் ஏழையைத் தள்ளி வைப்பதுமே புதிய கல்விக் கொள்கையின் நடைமுறை.

எதைப் படிப்பது, எப்படித் தயாராவது

கணினி அறிவியல் படிக்க வேண்டாம் என்று உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குச் சொல்வது துரோகமாகும். அறிவின் உயர்ந்த துறைகளை வசதி படைத்தோருக்கு விட்டுக்கொடுக்க எந்த நியாயமும் இல்லை. எதை, எங்கே, எப்படிப் படிப்பது என்பதில் அவர்களுக்குச் சரியான தகவல் கிடைக்கச் செய்வதே கட்சிக் கிளைகளின் கடமை.

முதலாவது, பாடப்பிரிவின் பளபளப்பான பெயரைவிடக் கல்லூரியின் ஆசிரியர்களும் ஆய்வகமும் முக்கியம். புதிய பெயர் தாங்கிய பல பிரிவுகளில் முதல் இரண்டு ஆண்டுகளின் பாடம் ஏறத்தாழ ஒன்றே. திருவனந்தபுரம் அரசுப் பொறியியல் கல்லூரி, பார்ட்டன் ஹில் அரசுப் பொறியியல் கல்லூரி போன்றவற்றில் வேறு பிரிவில் இடம் கிடைத்தாலும், கடன்பட்டுச் சேரும் நிர்வாக ஒதுக்கீட்டுக் கணினி இடத்தைவிட அது மேலாக இருக்கக்கூடும். நான்காண்டுப் பொறியியல் ஒன்றே வழி என்பதும் சந்தை பரப்பிய எண்ணம். தனுவச்சபுரத்தில் உள்ள ஐ.எச்.ஆர்.டி. பயன்பாட்டு அறிவியல் கல்லூரி, நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக் ஆகியவை அருகிலேயே உள்ளன. ஐ.எச்.ஆர்.டி. கல்லூரிகளிலும் கட்டணச் சுமை உண்டு. அதைக் குறைக்கக் கோருவதும் இயக்கத்தின் வேலையே.

இரண்டாவது, அடிப்படைகளே நிலைக்கும். ஆண்டுக்கு ஒரு நிரல்மொழி புகழ் பெறும், மறையும். தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயங்குதளம், தரவுத்தளம், வலைப்பின்னல், இவற்றுக்கு அடியில் உள்ள கணிதம் ஆகியவை ஐம்பது ஆண்டுகளாக நிற்கின்றன. இயந்திரம் எழுதித் தரும் நிரலின் பிழையைக் கண்டறிய இந்த அறிவு வேண்டும். இதை இலவசமாகப் பழக வழியும் உள்ளது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. அதைப் படித்து, ஒரு பிழையைத் திருத்தி அனுப்பும் மாணவருக்கு, எந்தப் பயிற்சி நிலையமும் தர முடியாத அனுபவம் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் கேரள அரசு நிறுவிய ஐ.சி.ஃபாஸ் மையமும் இத்துறைக்காகவே இயங்குகிறது.

மூன்றாவது, மொழி. வீட்டில் தமிழ், ஊரில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வாழும் எல்லையோர மாணவர் முதல் பருவத்திலேயே தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று. நூலகங்களிலும் வாசகசாலைகளிலும் மூத்த மாணவர்கள் தாய்மொழியில் பாடத்தை விளக்கும் மாலை வகுப்புகள் பெரும் செலவில்லாமல் நடத்தக்கூடியவை. வாசகசாலை இயக்கத்தின் மரபு கொண்ட மண்ணில் இது புதிய செயலும் அன்று.

நான்காவது, மாணவர் தாம் ஒரு தொழிலாளியாகப் போகிறோம் என்பதைப் படிக்கும்போதே அறிந்திருக்க வேண்டும். பணி ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது, பயிற்சிக் காலத்தில் என்ன உரிமை உண்டு, அசல் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ள முற்பட்டால் என்ன செய்வது, வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரை எப்படி இனங்காண்பது ஆகியவற்றை எந்த வளாக நேர்காணல் பயிற்சியும் கற்றுத் தருவதில்லை.

சங்கம் பாடத்திட்டத்தில் இல்லை

தகவல் தொழில்நுட்ப ஊழியருக்குச் சங்கம் பொருந்தாது என்ற மாயை கரைந்து வருகிறது. தமிழ்நாட்டில் யுனைட் சங்கமும் கர்நாடகத்தில் கே.ஐ.டி.யு.வும் 2025ஆம் ஆண்டின் பணிநீக்கங்களுக்கு எதிராக வீதிக்கு வந்தன. டெக்னோபார்க்கில் பிரதித்வனி அமைப்பு ஊழியர்களின் நலனுக்காகச் செயல்படுகிறது. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த ஊழியர்களின் தலைமீதும் தொங்குகின்றன. நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பு முந்நூறு தொழிலாளர்களாக உயர்த்தப்பட்டுள்ளது. சிறிய மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கா. குறித்த கால வேலை சட்டப்படியே இயல்பானதாக்கப்பட்டுள்ளது. கடன் வாங்கிப் படித்த பட்டதாரி, வேலை நிரந்தரமில்லாத நிலையில், தவணை தவறிவிடும் என்ற அச்சத்தாலேயே வாய்திறக்க மாட்டார். கல்வி வணிகமும் தொழிலாளர் உரிமைப் பறிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் விதம் இதுவே.

எனவே எல்லையோரக் கிளைகளின் முன்னுள்ள கோரிக்கைகள் தெளிவானவை. அரசுக் கல்லூரிகளில் கணினி அறிவியல் இடங்களையும் நிரந்தர ஆசிரியர்களையும் உயர்த்துவது; நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு பகுதி மாணவர்கள் எல்லை கடந்து பயிலும்போது இடஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் தொடர இரு மாநில அரசுகளும் உடன்பாடு காண்பது; ஈடு கேட்காத கல்விக் கடனை எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் உறுதி செய்வது; போலி ஆசிரியர் பட்டியல் காட்டும் கல்லூரிகளின் அங்கீகாரத்தை நீக்குவது; தகவல் தொழில்நுட்பத் துறையில் எட்டு மணி நேர வேலையையும் பணிப் பாதுகாப்பையும் சட்டமாக்குவது. மாணவர் அமைப்பும் இளைஞர் அமைப்பும் தொழிற்சங்கமும் எல்லையின் இருபுறமும் கைகோத்து இவற்றை எழுப்ப முடியும்.

அடுத்த சேர்க்கைக் காலத்தில் விளம்பரப் பலகைகள் மீண்டும் எழும். முகவர் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டுவார். அவருக்கு முன்பாகக் கட்சித் தோழர் அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளின் பட்டியல், விண்ணப்பக் கடைசி நாள்கள், உதவித்தொகை விவரங்கள், தேவைப்பட்டால் வங்கிக்கு உடன் செல்ல ஓர் ஆள் ஆகியவற்றுடன் அவர் செல்ல வேண்டும். மே மாதத்து வெயிலில் நடக்கும் இந்த வேலை மாநாட்டுத் தீர்மானத்திற்குக் குறைந்ததன்று. ஒரு ரப்பர் தொழிலாளியின் வீடு அடகுக்குப் போகாமல் அவருடைய மகள் கணினி அறிவியல் பட்டதாரியாவதற்கு அது வழி திறக்கும்.